அம்பாசிடரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் போடலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, எஸ்யூ கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்தாலும் செல்ஃப் நாலைந்து தடவை அடித்த பிறகுதான் பிடிக்கிறது. களக்காடு வழியாக நாகர்கோவில் போகும்போது நாங்குநேரி டோல்கேட்டில் நின்றால் அணைந்துவிடுகிறது, பேனட்டைத் திறந்து அரைமணி நேரம் ஆறவிட்டால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மஞ்சோலை ஏற்றத்தில் கரும்புகை. வண்டிக்குள் எப்போதும் பெட்ரோல் வாடை. கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் போட்டால் எல்லாம் தீருமா, எந்தக் கிட் வாங்கலாம் என்பது கேள்வி. கார்புரேட்டர் இருந்த இடத்தில், ஈசியூ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிப்பதுதான் இந்த வேலை.

போடலாம் தம்பி, அந்த எஞ்சினுக்கு அது பொருத்தமான வேலைதான். ஆனால் நீங்கள் சொன்ன நாலு குறையில் இரண்டுக்கு கார்புரேட்டர் காரணமே இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டால் அதே குறை வேறு ரூபத்தில் வரும், அதில் ஒன்று தீப்பிடிக்கிற அளவுக்கு ஆபத்தானது. இந்த வேலையில் த்ராட்டில் பாடி என்பது சின்னப் பங்கு. டேங்கிலிருந்து எஞ்சின் வரைக்குமான பெட்ரோல் லைனும், பேட்டரியிலிருந்து ஈசியூ வரைக்குமான கரண்டும்தான் பெரிய பங்கு. கிட் எது என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர், டேங்க் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு.

முதலில் அந்த வாடையைப் பார்ப்போம். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எண்பதுகளில் செய்த ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல, நாளாக ஆக உப்பி, வெடித்து, கசியும். ஹோஸை இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள், மேல்தோலில் மெல்லிய கீறல் கீறலாக விரிந்தால் அது முடிந்துவிட்ட ஹோஸ். கார்புரேட்டர் வண்டியில் லைனில் இருக்கிற அழுத்தம் அற்பமானது, அதனால் இந்தக் கசிவு சொட்டாக மட்டும் நிற்கிறது. இன்ஜெக்‌ஷன் போட்டால் அதே லைனில் 3 பார் அழுத்தம் ஏறும். அப்போது அந்தக் கீறலிலிருந்து பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சும், அதுவும் உங்கள் எஞ்சினில் நேராக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல். ஆகவே ஒரு ஹோஸ்கூடப் பழசு மிஞ்சக் கூடாது. இன்ஜெக்‌ஷனுக்கென்று வருகிற ஹோஸ்தான் வேண்டும், அதன் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். கிளிப்பும் திருகுப் பல் வெட்டிய சாதா கிளிப் வேண்டாம், ஹோஸை அறுக்காத வழுவழுப்பான இன்ஜெக்‌ஷன் கிளிப் கேட்டு வாங்குங்கள்.

டோல்கேட்டில் அணைவது வெப்பத்தால். அம்பாசிடரின் 1489 சிசி பி சீரிஸ் எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட். வண்டி ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் வந்து ஆற்றிக்கொண்டே இருக்கும், நின்றவுடன் அந்தச் சூடு முழுக்க மேலே ஏறி கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் தேங்கி இருக்கிற பெட்ரோலைக் கொதிக்கவைக்கும். எத்தனால் கலந்ததால் முன்பைவிடச் சீக்கிரமே கொதிக்கும். போதாததற்கு ஏசி பம்ப் (குளிர்சாதன ஏசி அல்ல, எஞ்சினே ஓட்டுகிற பெட்ரோல் பம்ப்) எஞ்சின் பிளாக்கிலேயே போல்ட் போட்டு நிற்கிறது, டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிறது, உறிஞ்சுகிற லைனில் சூடு பட்டால் குமிழி வரும், குமிழியை அந்த டயாஃப்ரத்தால் தள்ள முடியாது. அக்னி நட்சத்திரத்தில் நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு, கார்புரேட்டர் அடியில் தடிமனான பேக்கலைட் பேக்கிங், பெட்ரோல் பைப்பை ரேடியேட்டர் ஹோஸை விட்டு விலக்கிக் கட்டுவது, இவ்வளவுக்கே பாதிப் பிரச்சினை போய்விடும்.

காலைத் தொந்தரவும் கரும்புகையும் எஸ்யூவின் கணக்கு. த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது காற்றைத் திறந்து மூடுகிற தகட்டின் அச்சு, தேய்ந்து ஆடினால் அந்த இடைவெளியில் காற்று புகுந்து மிக்சர் லீனாகும், அதாவது காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறையும், காலையில் பிடிக்காது. ஐடிலிங்கில் ஸ்பிண்டில் ஓரத்தில் கார்ப் கிளீனர் அடித்துப் பாருங்கள், எஞ்சின் சத்தம் மாறினால் அதுதான். சோக்கை உள்ளே தள்ளிய பிறகு ஜெட் முழுதாக மேலே ஏறாமல் பாதியில் நின்றால் எப்போதும் ரிச், அதாவது பெட்ரோல் மிஞ்சும், மஞ்சோலை உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இன்னும் ரிச், கரும்புகை. ஈ20-க்கு சுமார் 8 சதவீதம் அதிகப் பெட்ரோல் வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் ஈ20-க்குக் கிட்டத்தட்ட 13.5 தான். எஸ்யூவில் ஜெட் நட்டை ஒன்றிரண்டு முகம் இறக்கினால் அதைச் சரிக்கட்டலாம். நல்ல எஸ்யூ அருமையான சாதனம், புது புஷ், ஜெட், ஊசி போட்டுத் தந்தால் இன்னும் பல வருஷம் ஓடும். வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் நான் இத்தோடு நிறுத்தச் சொல்வேன். தினமும் ஓட்டப் போகிறீர்கள், ஏற்றம் இறக்கம் வெயில் மழை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும், வேலையும் பழக ஆசை என்றால் மேலே படியுங்கள்.

ஏன் த்ராட்டில் பாடி, ஏன் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் வேண்டாம் என்று சிலர் கேட்பார்கள். பி சீரிஸ் ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் துளைதான், 1-ம் 2-ம் ஒன்றில், 3-ம் 4-ம் இன்னொன்றில். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒரே துளையில் 2 இழுத்து முடித்த கையோடு 1 இழுக்கும், அப்புறம் நீண்ட இடைவெளி. அந்தத் துளையில் இன்ஜெக்டரை வைத்தால் ஒரு சிலிண்டர் மற்றதின் பங்கைத் திருடும், ஒன்று ரிச், ஒன்று லீன். மிக நுணுக்கமாக நேரம் பார்த்துத் தெளித்தால்தான் சரிவரும். மேனிஃபோல்டுக்கு முன்னாலேயே, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே ஒரே இடத்தில் தெளித்துக் கலந்துவிட்டால் இந்தத் தகராறு பெரும்பாலும் இல்லை. இதே மாதிரி இரட்டைத் துளை ஹெட் உள்ள ஏ சீரிஸ் எஞ்சினுக்கு ரோவர் கம்பெனியே 1991-ல் மினி கூப்பரில் ஒற்றை இன்ஜெக்டர் த்ராட்டில் பாடிதான் போட்டது. ஆகவே இது ஒன்றும் குருட்டுச் சோதனை இல்லை, கம்பெனியே நடந்த வழி.

ரெடிமேட் கிட் விஷயம். ஹாலி ஸ்னைப்பர், ஃபைடெக் போன்றவை நல்ல பொருட்கள்தான், ஆனால் அவற்றில் பிரபலமானவை அமெரிக்க வி8 எஞ்சினின் நாலு பேரல் கார்புரேட்டருக்குப் பதிலாக உட்காரச் செய்தவை. உங்கள் எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன். கணக்குப் போடுவோம்: ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 230 கிராம் பெட்ரோல், 50-க்கு பதினொன்றரைக் கிலோ, இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதால் 14 கிலோ, அதை லிட்டராக்கினால் நிமிஷத்துக்கு 320 மில்லி, எத்தனாலுக்கும் சேர்த்து 350 மில்லி. 3 பாரில் 350 மில்லி தருகிற ஒரே ஒரு இன்ஜெக்டர் போதும். இதைவிடப் பல மடங்கு பெரிய இன்ஜெக்டர் வைத்தால் ஐடிலிங்கில் அது திறக்க வேண்டிய நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே போய்விடும், அவ்வளவு குறைந்த நேரத்தில் எந்த இன்ஜெக்டரும் ஒரே அளவாகத் தெளிக்காது. வி8 கிட்டைச் சின்ன எஞ்சினில் மாட்டினால் பிக்கப் நன்றாக இருந்தும் சிக்னலில் நின்றால் தடதடப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே நான் சொல்வது, எஸ்யூ உட்கார்ந்த இடத்துக்கு ஒரு அடாப்டரை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து, 32-லிருந்து 38 மில்லிமீட்டருக்குள் உள்ள சின்ன எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள) கார் ஒன்றின் த்ராட்டில் பாடியை அதில் மாட்டி, பட்டாம்பூச்சிக்கு, அதாவது காற்றைத் திறந்து மூடுகிற தகட்டுக்கு, முன்னால் இன்ஜெக்டரைச் செருக ஒரு சாய்வான குமிழ் வைப்பது. எஸ்யூ பக்கவாட்டில் நிற்பது, அதனால் அடாப்டர் எஞ்சின் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் ஏர் ஃபில்டர் பக்கம் வழியும். மேனிஃபோல்டைச் சூடாக்குகிற அந்த எக்ஸாஸ்ட் தொடர்பைச் சிலர் வெட்டிவிடுவார்கள், வெட்டாதீர்கள். த்ராட்டில் பாடியில் தெளிக்கிற பெட்ரோல் மேனிஃபோல்டு சுவரில் ஈரமாகப் படியும், அந்தச் சூடுதான் அதை ஆவியாக்குகிறது. இன்ஜெக்டர் பட்டாம்பூச்சிக்கு முன்னால் இருப்பதால் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து வேக்கம் ஹோஸ் கொடுக்கக் கூடாது, வெறும் காற்றுக்குத் திறந்து விட்டுவிடுங்கள். எம்பிஎஃப்ஐ பழகிய மெக்கானிக்குகள் பழக்க தோஷத்தில் வேக்கத்தை மாட்டிவிடுவார்கள், ஐடிலில் அழுத்தம் காரணமில்லாமல் இறங்கும்.

ஈசியூவுக்கு மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ இரண்டும் உண்டு. ஸ்பீடுயினோ ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுவது, விலை குறைவு, லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ வைத்து அமைக்கலாம். இன்ஜெக்டரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 12 ஓமுக்கு மேல் இருந்தால் நேராக மாட்டலாம். பழைய த்ராட்டில் பாடி இன்ஜெக்டர்கள் பல 2 ஓம் பக்கம் இருக்கும், அதை நேராக மாட்டினால் ஈசியூவில் இன்ஜெக்டரை இயக்குகிற டிரைவர் சர்க்யூட் எரியும்.

இனி டேங்க். அம்பாசிடர் டேங்க் டிக்கி பக்கம் கீழே இருக்கிறது. கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், வண்டி மாசக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், துரு பிடிக்கும். திருச்செந்தூர், உவரி பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் வெளியிலிருந்தும் துரு வரும். கார்புரேட்டர் சின்னத் துருவை விழுங்கிக்கொண்டு ஓடும், இன்ஜெக்டர் ஓடாது. ஏசி பம்புக்குப் பதிலாக வைக்கிற எலக்ட்ரிக் பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான் ஃபில்டர், இரண்டும் கட்டாயம். மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்கே திரும்புகிற ரிட்டர்ன் லைனுக்கு டேங்கில் துளை வேண்டும். தயவுசெய்து வெல்டிங் பட்டறைக்கு டேங்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், காலி டேங்கில் நிற்கிற ஆவி வெடிக்கும், கழுவிவிட்டேன் என்பதை நம்பி ஒருவர் உயிர் போகக் கூடாது. ஃப்ளோட் மீட்டர் உட்காருகிற தட்டைக் கழற்றி, அந்தத் தட்டிலேயே ரிட்டர்ன் பைப்புக்கு ஃபிட்டிங் போட்டுவிடலாம், டேங்கில் வெல்டிங்கே வேண்டாம். பழைய டேங்குக்குள் இன்ஜெக்‌ஷன் வண்டிபோல் பம்பைச் சுற்றித் தொட்டி கிடையாது. கால் டேங்க் பெட்ரோலோடு மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மஞ்சோலைக் கொண்டை ஊசிகளில் ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். பம்புக்கு முன்னால் ஒரு லிட்டர் அளவில் சின்ன சர்ஜ் டேங்க் வைத்தால் இந்தக் கவலை இல்லை. ரிட்டர்ன் லைனில் பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் நின்று சூடாகாது, அழுத்தத்தில் கொதிக்கவும் செய்யாது. டோல்கேட் தொந்தரவுக்கு நிஜமான தீர்வு இந்த லைனில்தான் இருக்கிறது. பம்புக்கு ஒரு ரிலே, ஃபியூஸ், வண்டி மோதினால் கரண்டை நிறுத்துகிற இனர்ஷியா சுவிட்ச், இவை மூன்றும் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். கழற்றிய ஏசி பம்ப் இடத்தைத் தகடும் பேக்கிங்கும் வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் ஆயில் கொட்டும்.

கரண்ட். ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டு ஐடிலிங்கில் பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 13.8-க்குக் குறையக் கூடாது. டைனமோ வண்டி என்றால் மேற்கொண்டு யோசிக்காமல் ஆல்டர்னேட்டர் மாற்றுங்கள், டைனமோ ஐடிலிங்கில் சார்ஜே தராது. வோல்ட் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்க நேரம் அதிகமாகும், மிக்சர் லீனாகும், லைட்டைப் போட்டால் எஞ்சின் திணறும். எர்த் வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஈசியூ எர்த் நேராக எஞ்சின் பிளாக்குக்கு, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில்.

பாளையங்கோட்டையில் ஒரு ஷெட்டில் பிரீமியர் பத்மினி கார் ஒன்றில் இந்த வேலை முடிந்து ஸ்டார்ட் ஆகி, ஆனால் ஐடிலில் நிற்க மாட்டேன் என்றது. பிளக்கைக் கழற்றினால் நனைந்து கறுப்பாக இருக்கிறது. லேப்டாப்பில் ஆர்பிஎம் 850-ல் நின்றுகொண்டிருந்த கோடு இரண்டு மூன்று செகண்டுக்கு ஒருதடவை 5000-க்கு எகிறிக் குதித்தது, காதில் கேட்கிற எஞ்சின் சத்தத்தில் மாற்றமே இல்லை. ஈசியூ எஞ்சின் 5000-ல் ஓடுகிறது என்று நம்பி அந்த அளவுக்குத் தெளித்துக்கொண்டிருந்தது. காரணம் பழைய செம்புக் கம்பி பிளக் வயர், அதிலிருந்து கிளம்புகிற இரைச்சல் எஞ்சின் சுற்றுகிற வேகத்தை ஈசியூவுக்குச் சொல்கிற கிராங்க் சிக்னல் வயரில் ஏறியது. ரெசிஸ்டர் உள்ள பிளக் வயரும் ரெசிஸ்டர் பிளக்கும் மாற்றி, சிக்னல் வயரைக் காயிலுக்குப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தபோது அந்தக் கோடு நேராக நின்றது. மிக்சரைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போகிற பலருடைய வண்டியில் உண்மையான நோய் இதுதான், ஆகவே முதலில் ஆர்பிஎம் கோட்டைப் பாருங்கள், அப்புறம் பெட்ரோல் டேபிளை, அதாவது எப்போது எவ்வளவு தெளிப்பது என்று ஈசியூவில் உள்ள அட்டவணையை, தொடுங்கள்.

அந்த ஆர்பிஎம் சிக்னலைக் காயிலின் நெகட்டிவிலிருந்தே எடுக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டரை மாற்ற வேண்டாம், இக்னிஷன் பழையபடி ஓடட்டும். ஆனால் காயில் நெகட்டிவில் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும், அதை ஈசியூவில் நேராக மாட்டினால் போர்டு செத்துவிடும், நடுவில் ஆப்டோகப்ளர் வைத்த சின்ன சர்க்யூட் கட்டாயம். பாயிண்ட் செட்டை எடுத்துவிட்டு ஹால் சென்சார் போட்டால் இன்னும் சுத்தமான சிக்னல் கிடைக்கும்.

சென்சார்களில் அதிகம் சொல்ல வேண்டியது ஆக்ஸிஜன் சென்சார் பற்றி. மிக்சர் எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அளவாகக் காட்டுகிற வைட்பேண்ட் வேண்டும், போஷ் எல்எஸ்யூ 4.9 எளிதாகக் கிடைக்கிறது. சைலன்சர் பைப்பில், மேனிஃபோல்டு சேர்ந்த பிறகு, படுக்கைக் கோட்டுக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே இருக்கும்படி குமிழ் வைக்க வேண்டும், கீழே வைத்தால் தண்ணீர் தங்கி சென்சார் வெடிக்கும். அதற்கு முன்னால் எங்கும் எக்ஸாஸ்ட் லீக் இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது சென்சாரை கரண்ட் இல்லாமல் விடக் கூடாது. ட்யூனிங்கை லாம்ப்டாவில் செய்யுங்கள் (மிக்சர் சரியாக இருந்தால் 1, கூடினால் லீன், குறைந்தால் ரிச்), ஏர் ஃப்யூவல் எண்ணில் வேண்டாம். பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் எத்தனால் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் லாம்ப்டா 1 என்றால் 1 தான்.

ட்யூனிங்குக்கு நம் ஊர் மாதிரி வசதி வேறு இல்லை. நாலுவழிச் சாலையில் வள்ளியூர் வரை ஒரே வேகத்தில் போய் வந்தால் நடு டேபிள் நிரம்பும், வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஐடிலும் மெதுவான ஓட்டமும், அம்பை ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஓவர்டேக் எடுத்தால் திடீர் பிக்கப்புக்கான கூடுதல் தெளிப்பு. ஒருவர் ஓட்ட, ஒருவர் லேப்டாப் பார்க்க வேண்டும், ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது. மஞ்சோலை கடைசியில். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் சரியாக வேலை செய்தால் உயரத்துக்கு அதுவே பெட்ரோலைக் குறைக்கும், நீங்கள் தொட வேண்டியதில்லை. இங்கே குளிர் என்று பெரிதாக எதுவும் இல்லாததால் கோல்ட் ஸ்டார்ட் சீக்கிரம் அமைந்துவிடும். நேரம் எடுப்பது ஹாட் ஸ்டார்ட். வெயிலில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு எடுத்தால் காற்றின் சூட்டை அளக்கிற சென்சார் பேனட் சூட்டைக் காட்டும், காற்று மெலிந்துவிட்டதாக நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், எஞ்சின் திணறும். சென்சாரை எஞ்சினை விட்டு விலக்கி ஏர் ஃபில்டர் மூக்கில் வையுங்கள், 60 டிகிரிக்கு மேலே அந்தத் திருத்தத்தையும் தணித்து வையுங்கள்.

சட்டம் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் வேலையில் பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்கிறது, எஞ்சின் நம்பரும் சிசியும் மாறவில்லை. இருந்தாலும் ஆர்டிஓ ஆபீசில் கேட்டுக்கொண்டு, இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 2021-ல் வந்த வின்டேஜ் பதிவு விதி 50 வருஷம் தாண்டிய, அசல் நிலையில் இருக்கிற வண்டிக்குத்தான். மார்க் 4 வந்ததே 1979-ல், உங்கள் வண்டிக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை, ஆனால் ஆகப்போகிறது. அதனால் மேனிஃபோல்டை வெட்டாமல், எஸ்யூவையும் ஏசி பம்பையும் எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி மாட்ட முடிகிற மாதிரி மட்டுமே எல்லா மாற்றமும் இருக்கட்டும்.

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். வேக்கம் கேஜ் வைத்து ஐடிலில் எவ்வளவு காட்டுகிறது, முள் நிற்கிறதா ஆடுகிறதா என்று பாருங்கள், 18 அங்குலம் பக்கம் அசையாமல் நின்றால் எஞ்சின் நலம். ஆடினால் வால்வ் வேலை முதலில். நாலு சிலிண்டர் கம்ப்ரஷன், லைட் போட்டு பேட்டரி வோல்ட், டேங்க் உள்ளே எடுத்த போட்டோ, இவற்றை அனுப்புங்கள் தம்பி, அடாப்டருக்கு அளவு வரைந்து தருகிறேன்.